கறிக்கோழியின் குடலில் மூலிகை எங்கே வேலை செய்கிறது?

கோழிக்குக் குடல் ஒட்டுண்ணி என்றதும் புழுதான் நினைவுக்கு வரும். பூசணி விதை, பப்பாளிப் பால் என்று கைவைத்தியமும் அதையே குறிவைக்கிறது. ஆனால் கறிக்கோழி வளர்வது ஐந்தாறு வாரம்தான். உருளைப்புழு குடலில் முதிர்ந்து முட்டையிடவே 5 முதல் 8 வாரம் ஆகும். பெரும்பாலும் அதற்குள் கோழி விற்பனைக்குப் போய்விடும். இந்தக் குறுகிய வாழ்நாளில் குடலைச் சிதைப்பது ஐமீரியா என்னும் ஒற்றைச் செல் உயிரி. ரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்குவதும் இதுதான்.

எச்சத்தோடு வெளியேறும் ஐமீரியாவின் உறைக்கூடுகள் (கெட்டி உறை மூடிய முட்டை போன்றவை), ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் முதிர்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 8 தொற்றுச் செல்கள் இருக்கும். கோழி கொத்தி விழுங்கியதும் அரைவைப்பையில் உறை நொறுங்குகிறது. பித்தநீரும் செரிமான நொதிகளும் தொற்றுச் செல்களை விடுவிக்கின்றன. அவை குடற்சுவரின் செல்களுக்குள் புகுந்து பெருகி, அவற்றை வெடிக்கச் செய்து வெளியே வருகின்றன. ஒரு வாரத்துக்குள் புதிய உறைக்கூடுகள் எச்சத்தில் இறங்கிவிடும்.

விடுபட்ட தொற்றுச் செல் குடற்சுவருக்குள் நுழையும் வரை பாதுகாப்பின்றி இருக்கிறது. ஓமத்தில் உள்ள தைமால் என்னும் வேதிப்பொருள் அப்போது அதன் சவ்வைச் சிதைக்கக்கூடியது. வெந்தயம், யூக்கா போன்ற தாவரங்களில் உள்ள, சோப்பு போல நுரைக்கும் சபோனின்கள் சவ்விலுள்ள கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு ஓட்டை போடுகின்றன. மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் எளிதில் கலக்காது. மற்ற நோய்களுக்கு அது பெருங்குறை. இங்கோ ஒட்டுண்ணி இருக்கும் குடலிலேயே அது தங்குகிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, சீன மூலிகை ஒன்றிலிருந்து கிடைக்கும் ஆர்ட்டிமிசினின். மலேரியாவுக்காகச் சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவினர் 1972இல் பிரித்தெடுத்த இந்தப் பொருளுக்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேரியா ஒட்டுண்ணிக்கு ஐமீரியா தூரத்து உறவு. ஐமீரியாவின் பெண் பாலணுக்களில் கால்சியத்தைக் கையாளும் நொதியை ஆர்ட்டிமிசினின் பாதிக்கிறது. உறைக்கூட்டின் சுவர் சரியாக உருவாவதில்லை. சாங்ஷான் என்ற சீன மூலிகையில் உள்ள ஃபெப்ரிஃபியூஜின் என்னும் வேதிப்பொருளைச் சற்றே மாற்றி உருவாக்கியதுதான், கோழித் தீவனத்தில் மருந்தாகச் சேர்க்கப்படும் ஹாலோஃபியூஜினோன்.

இலையாகவோ பொடியாகவோ கொடுக்கும்போது இவ்வளவு துல்லியம் கிடைக்காது. மண், பருவம், உலர்த்தும் முறைக்கு ஏற்ப வேதிப்பொருளின் அளவு மாறும். கூடுதலாகக் கொடுத்தாலும் ஆபத்துதான்: தாவரங்களின் துவர்ப்புப் பொருளான டானின் மிகுந்தால் புரதச் செரிமானம் குறைந்து எடை ஏறாது. மூலிகை ஐமீரியாவை அடியோடு ஒழிப்பதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. அதை நான் குறையாகவே கருதவில்லை. சிறிதளவு தொற்று தொடர்ந்து படும் குஞ்சு தானாகவே எதிர்ப்பாற்றல் பெறுகிறது.

எச்சத்தில் ரத்தம் தெரிந்துவிட்டால் நிலைமை வேறு. நோயுற்ற கோழி தீவனத்தை ஒதுக்கிவிடும், தண்ணீரை மட்டும் குடிக்கும். தீவனத்தில் கலந்த பொடி அதன் குடலை எட்டாது. குடிநீரில் ஆம்புரோலியம் என்னும் ஐமீரியா எதிர்ப்பு மருந்தைத் தருவது அதனால்தான். அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும், நனைந்த கூளத்தை அகற்ற வேண்டும்.