இஃப்தார்: நோன்பு திறப்பா, நோன்பு துறப்பா?

ரமலான் மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஒரே நிகழ்ச்சி மூன்று பெயர்களில் அச்சாகிறது. சில அழைப்பிதழ்கள் 'இஃப்தார் விருந்து' என்கின்றன, சில 'நோன்பு திறப்பு' என்கின்றன, வேறு சில 'நோன்பு துறப்பு' என்கின்றன. பகல் முழுவதும் உண்ணாமலும் பருகாமலும் இருந்த முஸ்லிம்கள், கதிரவன் மறைந்து மஃரிபு என்னும் அந்தித் தொழுகைக்கான பாங்கு (அழைப்பொலி) ஒலித்ததும் பேரீச்சம்பழத்தாலோ ஒரு மிடறு தண்ணீராலோ அன்றைய நோன்பை நிறைவு செய்வதையே மூன்றும் குறிக்கின்றன. ஆயினும் மூன்றுக்கும் பொருள் ஒன்றல்ல.

'இஃப்தார்' அரபுச் சொல். ஃபா, தா, ரா என்னும் மூன்றெழுத்து வேருக்குப் பிளத்தல், பிளந்து திறத்தல் என்பது அடிப்படைப் பொருள். வானம் பிளப்பதைச் சொல்லித் தொடங்கும் குர்ஆனின் 82ஆம் அத்தியாயம் 'அல் இன்ஃபிதார்' எனப் பெயர் பெற்றதும், ரமலான் முடிந்து வரும் பெருநாள் 'ஈதுல் ஃபித்ர்' ஆனதும், அப்பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைகளுக்குக் கொடுக்கும் தானியக் கொடையை நம் ஊர்களில் 'பித்ரா' என்பதும் இவ்வேரின் கிளைகளே.

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அடங்கிய எங்கள் பகுதிக்குப் பழம்பெயர் பாராமகால். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்குப் போகும்வரை இது திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அவர்கள் நோன்பை 'ரோஸா' என்பார்கள். அது பகலைக் குறிக்கும் 'ரோஸ்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. (தமிழில் 'ரோஜா' என்று எழுதிவிட்டால் பூவாகிவிடும்.) நோன்பை நிறைவு செய்வது அவர்களுக்கு 'ரோஸா கோல்னா'. 'கோல்னா' என்றால் திறத்தல், கதவைத் திறப்பதற்கும் அதே சொல்தான்.

தமிழ்ச் சொல்லான 'நோன்பு', பொறுத்தல், தாங்குதல் என்னும் பொருளுடைய 'நோல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. "உண்ணாது நோற்பார் பெரியர்" என்று தொடங்கும் குறள், பசியைப் பொறுப்பவர்கூடப் பிறர் சொல்லும் இன்னாச் சொல்லைப் பொறுப்பவருக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறார் என்கிறது. பகலில் பட்டினி கிடந்து நாவால் பிறரைப் புண்படுத்துபவரின் நோன்பு பயனற்றது என்ற இஸ்லாமியப் போதனை இதற்கு அருகில் வந்து அமர்கிறது. தெலுங்கில் 'நோமு', கன்னடத்தில் 'நோம்பி' என இச்சொல்லுக்கு உடன்பிறப்புகள் இருப்பதால், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் எந்த வீட்டுக்கும் இது அயல்சொல் அல்ல. "நெய்யுண்ணோம் பாலுண்ணோம்" என்று தொடங்கிய ஆண்டாளின் பாவை நோன்பு, நெய் முழங்கை வழியே வழியும் பாற்சோற்றை அனைவரும் "கூடியிருந்து" உண்பதில் நிறைவெய்துகிறது. நோன்பின் முடிவில் கூடி உண்ணுதல் தமிழுக்குப் புதிதன்று. ஏகாதசி விரதமிருப்போர் துவாதசியன்று உண்பதற்குப் 'பாரணை' என்று பெயருண்டு என்றாலும், அச்சொல் அவ்வழிபாட்டுக்கே உரியதாகிவிட்டதால் இஃப்தாருக்கு ஏற்றுவது பொருந்தாது.

இனி 'திறப்பா, துறப்பா' என்ற வழக்கிற்கு வருவோம். 'துறப்பு' என்பவர்கள், துறத்தல் விடுதலே, ஆகவே நோன்பை விடுதல் சரிதான் என்கிறார்கள். ஆனால் திருக்குறளில் 'துறவு' அதிகாரத்திலேயே நோன்புக்கு இயல்பு உடைமை இன்மை என்று வருகிறது. நோன்பும் துறவும் ஒரே பக்கத்தில் நிற்பவை. ஒன்றின் முடிவுக்கு மற்றொன்றைப் பெயராக வைப்பது முரண். மேலும் நோன்பாளி மாலையில் நோன்பைக் கைவிடுவதில்லை, முழுமையாக்குகிறார். 'முறிப்பு' என்பதும் ஆகாது. நோன்பு முறிந்தது என்றால் அன்றைய நோன்பு செல்லாமற் போயிற்று என்பதே முஸ்லிம்களின் வழக்கு. பேச்சில் 'கதவைத் தொற' என்பதைப் போலவே 'நோம்பு தொறக்கறது' என்றும் சொல்கிறோம். அந்தத் 'தொற'வை ஏட்டில் ஏற்றும்போது சிலர் 'திற' என்றும் சிலர் 'துற' என்றும் எழுதியதில்தான் குழப்பம் வந்திருக்கும் என்பது என் கருத்து. அரபு வேரும் உருது வழக்கும் ஒருசேரக் காட்டுவது 'நோன்பு திறப்பு' என்பதையே.

பிற சமயத்தாரை அழைக்கும்போது 'விருந்து' என்ற சொல் சேர்கிறது. விருந்து என்பதற்குப் பழம்பொருள் புதுமை. பின்னர் புதிதாக வந்தவர், அவருக்குப் படைக்கும் உணவு என விரிந்தது. அழைக்கப்பட்ட அண்டை வீட்டாரிடம் திறப்பதற்கு நோன்பு இல்லை, அவர் விருந்தாகவே வருகிறார். நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பவருக்கும் அந்நோன்பாளிக்கு நிகரான நற்கூலி உண்டு என்பது நபிமொழி. ஆகவே பேரீச்சம்பழப் பெட்டியோடு வரும் அண்டை வீட்டாரும், அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை, கறி உண்ணாதவருக்கெனத் தனிப் பானையில் எடுத்துவைக்கும் பள்ளிவாசல்காரரும் ஒருவருக்கொருவர் விருந்தோம்புகிறார்கள். இத்தகைய கூடலைச் 'சமய நல்லிணக்க நோன்பு திறப்பு விருந்து' எனலாம். 'சகிப்பு' என்று எழுதுவதைத் தவிர்ப்பேன். பக்கத்தில் அமர்ந்து உண்பவரைச் சகித்துக்கொள்வதாகச் சொல்வது விருந்துக்கு அழகல்ல.

அழைப்பிதழில் 'மாலை 6 மணியளவில்' என்று பொதுவாகப் போடாமல், அன்றைய மஃரிபு நேரத்தை நிமிடக் கணக்கில் அச்சிட வேண்டும். தாமதமாக வருபவருக்கு விருந்து கிடைக்கும், திறப்பு கிடைக்காது.