தலைவலி மாத்திரையும் நீலம் பாரித்த விரல்களும்

இந்த மாதமும் ஒருவர் வந்தார். முப்பதுகளில் இருக்கும் பெண். விரல் நுனிகள் சில்லிட்டு நீலம் பாரித்திருந்தன, மணிக்கட்டில் நாடித்துடிப்பு கைக்குத் தட்டுப்படவில்லை. ஒற்றைத் தலைவலிக்காக மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, வாரத்தில் நான்கைந்து நாள்கள் விழுங்கிவந்த எர்கோட்டமின் கலந்த மாத்திரையோடு, தொண்டைப் புண்ணுக்காக எழுதித் தரப்பட்ட கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்ந்துகொண்டதன் விளைவு அது. "வெறும் தலைவலி மாத்திரைதானே, டாக்டர்?" என்றார் கணவர். அந்த 'வெறும்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

எர்கோட்டமின், செரோட்டோனின் என்னும் ஹார்மோனுக்குரிய ஏற்பிகளில், அதாவது அந்த ஹார்மோனின் செய்தியைச் செல்கள் வாங்கிக்கொள்ளும் இடங்களில், போய் அமரும் மருந்து. 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகிய ஆய்வாளர்கள் செரோட்டோனினைப் பிரித்தெடுத்தபோது, அதை அடையாளம் காட்டியது இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அதன் குணமே. 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்ற பட்டமெல்லாம் பின்னால் வந்தது. ஆனால் அது சுருக்க மட்டும் செய்வதில்லை. மூளையின் பெரிய தமனிகளைச் சுருக்கும் அதே பொருள், அவற்றிலிருந்து கிளைக்கும் நுண்தமனிகளைப் பெரும்பாலும் விரிக்கிறது. குழாய்ச்சுவரின் தசையிலுள்ள '1பி' வகை ஏற்பியைத் தூண்டினால் சுருக்கம். உட்சுவர்ச் செல்களைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடச் செய்தால் விரிவு. எர்கோட்டமினிடம் இந்தச் சமநிலையை எதிர்பார்க்க முடியாது. அது அட்ரினலின் ஏற்பிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலை, கை, கால், இதயம் என்ற பேதமின்றிப் பல மணி நேரம் குழாய்களை இறுக்கிவைக்கிறது.

"மூளையில் இரத்தக் குழாய் வீங்குகிறது, மாத்திரை அதைச் சுருக்குகிறது, வலி போகிறது" என்று நோயாளிகள் எனக்கே பாடம் நடத்துவதுண்டு. இந்த எண்ணத்தை விதைத்தவர்கள் மருத்துவர்கள்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எர்கோட்டமின் கொடுத்தால் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பும் அதோடு வலியும் குறைவதை 1938-இல் கிரஹாமும் வுல்ஃபும் காட்டினார்கள். பல பத்தாண்டுகள் அதுவே பாடமாக இருந்தது. 2013-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஆய்வாளர்கள், ஒற்றைத் தலைவலி இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. மூலம் நோயாளிகளின் தமனிகளை அளந்து பார்த்தார்கள். மண்டையோட்டுக்கு வெளியே இருந்த தமனிகள் விரியவே இல்லை. உள்ளே இருந்தவற்றில் சிறு விரிவு மட்டுமே காணப்பட்டது. ஒற்றைத் தலைவலிக்கான இன்னொரு மருந்தான சுமாட்ரிப்டானை ஊசியாகப் போட்டதும் வலி தணிந்தது, ஆனால் உள்ளே இருந்த அந்தத் தமனிகள் சுருங்கவில்லை. முகத்தின், தலையின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் முப்பெருநரம்பின் முனைகளிலிருந்து வெளியாகும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்துணுக்கு போன்ற பொருள்களே வலியில் முக்கியப் பங்கு வகிக்கின்றன என்றும், குழாய் விரிவதை மட்டும் கொண்டு வலியை விளக்க முடியாது என்றும் இன்று அறிகிறோம். ஆகவே, குழாயை இன்னும் கொஞ்சம் சுருக்கினால் வலி இன்னும் கொஞ்சம் குறையும் என்று இரண்டாவது, மூன்றாவது மாத்திரையைப் பிரிப்பதில் பொருளே இல்லை. மாதத்தில் 10 நாள்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் எர்கோட்டமின் மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும்.

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், கை கால் தமனிகளில் அடைப்பு ஆகியவை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கூடாது. எர்கோட்டமின் போட்ட 24 மணி நேரத்துக்குள் சுமாட்ரிப்டான் போன்ற மருந்துகளைப் போடாதீர்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், சில எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவை எர்கோட்டமினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடுகின்றன; வழக்கமான ஒரே மாத்திரைகூட அப்போது பல மடங்கு அளவுபோல வேலை செய்யும். வேறு எந்த நோய்க்காக மருத்துவரிடம் போனாலும், தயவுசெய்து இந்த மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். விரல் மரத்தாலோ, நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்தாலோ மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாதத்தில் நான்கு நாள்களுக்கு மேல் தலைவலி வருகிறவர்களுக்கு, வராமல் தடுக்கும் மருந்துகள் தனியே இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. மருந்துக்கடை நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள்: ஒரே முகம் ஒரே மாதத்தில் மூன்றாவது அட்டைக்கு வந்து நின்றால், கொடுப்பதற்கு முன் மருந்துச்சீட்டு எங்கே என்று கேளுங்கள்.