காலி பஸ்ஸின் கணக்கு

பகல் பதினொன்றரை மணிக்கு ஐந்தாறு பேரோடு ஓடும் டவுன் பஸ்ஸைப் பார்த்தால், "இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி? ஒரு வேன் போதாதா?" என்று யாருக்கும் தோன்றும். காலை எட்டேகாலுக்கு அதே வண்டியின் படிக்கட்டில் ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருந்ததை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வண்டியின் அளவை நாள் முழுக்க ஏறும் கூட்டத்தின் சராசரி தீர்மானிப்பதில்லை. கூட்டம் மிக அதிகமான ஒரு மணி நேரத்தில், தடத்திலேயே நெரிசல் கூடிய இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்? கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. மதியம் மட்டும் சின்ன வண்டியை விடலாமே என்றால், இரண்டு வண்டி வாங்க வேண்டும். மாற்றுவதற்கு டிப்போவரை காலியாகப் போய்வர வேண்டும். தவிர, சின்ன வண்டி என்பதற்காக டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சம்பளம் குறையாது. டீசல் மிச்சமாகும், அவ்வளவுதான்.

அப்படியானால் சின்ன பஸ்ஸே வேண்டாமா? ஒரு கற்பனைத் தடத்தை எடுத்துக்கொள்வோம். உச்ச நேரத்தில் மணிக்கு 300 பேர். 60 பேர் கொள்ளும் வண்டி என்றால் மணிக்கு 5 நடை, 12 நிமிடத்துக்கு ஒன்று. நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக அந்த இடைவெளியில் பாதி, அதாவது 6 நிமிடம் நிற்பார். 30 பேர் வண்டியாக மாற்றினால் 10 நடை. காத்திருப்பு 3 நிமிடம். ஆளுக்கு மிச்சம் வெறும் 3 நிமிடம்தான், அதற்குக் கூடுதலாக 5 நடை ஓட்ட வேண்டும்.

இப்போது கூட்டம் நான்கில் ஒரு பங்கு, மணிக்கு 75 பேர், உள்ள தடத்துக்கு வருவோம். பெரிய வண்டியே போதும் என்றால் 48 நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். காத்திருப்பு சராசரியாக 24 நிமிடம். சின்ன வண்டி 24 நிமிடத்துக்கு ஒன்று வரும். காத்திருப்பு 12 நிமிடமாகக் குறையும். மணிக்கு ஒன்றேகால் நடை கூட்டியதில் ஆளுக்கு 12 நிமிடம் மிச்சம். ஆக, சின்ன பஸ் தரும் லாபம் காலி இருக்கைகள் குறைவதில் இல்லை, நிறுத்தத்தில் நிற்கும் நேரம் குறைவதில் இருக்கிறது. சின்ன வண்டியை வாங்கிவிட்டுப் பழைய 48 நிமிட இடைவெளியிலேயே ஓட்டினால் இரண்டும் கெட்டான்: காத்திருப்பும் குறையாது, ஏறவும் இடமிருக்காது.

பொருளாதார அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972-இல் இதைச் சூத்திரமாகவே எழுதினார். வண்டிச் செலவையும் பயணிகளின் காத்திருப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், கூட்டம் நான்கு மடங்கானால் நடை இரண்டு மடங்கானால் போதும். மீதி இரண்டு மடங்கை வண்டியின் அளவு சுமக்க வேண்டும். கூட்டம் குறையும்போதும் இப்படித்தான்: நடையும் அளவும் சேர்ந்தே சுருங்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் நடையை மட்டும் வெட்டிவிடுகிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் 1984-இல் டெவன் ஜெனரல் நிறுவனம் பெரிய பஸ்களுக்குப் பதில் 16 இருக்கை ஃபோர்டு டிரான்சிட் வேன்களை அடிக்கடி விட்டது. கூட்டம் கூடியது, நாடெங்கும் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அந்தக் கணக்கு சரிப்பட்டதற்கு ஒரு காரணம், வேன் டிரைவர்களுக்குப் பெரிய பஸ் டிரைவர்களைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தது. கூட்டம் சேரச் சேர வேன்கள் போதாமல் போயின. அடுத்த பத்தாண்டுகளில் நடுத்தர அளவு பஸ்கள் அந்த இடத்தைப் பிடித்தன.

இன்னொரு தொல்லை யாரும் எளிதில் கவனிக்காதது. பயணிகள் எண்ணி வைத்தாற்போல் வருவதில்லை. 60 பேர் வண்டிக்கு நடைக்குச் சராசரி 49 பேர் வந்தால், தற்செயல் ஏற்ற இறக்கத்தில் சுமார் இருபது நடைக்கு ஒருமுறை இடம் போதாது. 30 பேர் வண்டிக்குச் சராசரி 25 பேர் என்றால், ஏறத்தாழ அதே அளவு நிரம்பிய வண்டிதான். ஆனால் ஏழு நடைக்கு ஒருமுறை யாராவது நிறுத்தத்திலேயே நிற்க வேண்டிவரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே பெரிய வண்டிதான் ஒரே வழி.

தமிழ்நாட்டில் இந்த வாதம் தெருவின் அகலத்தில் வந்து நிற்கிறது. 1997-இல் வந்த தனியார் மினி பஸ் திட்டம், பஸ்ஸே எட்டிப் பார்க்காத கிராமங்களைப் பக்கத்து ஊரோடு இணைக்கத்தான். 2013 அக்டோபரில் சென்னையில் 50 சிற்றுந்துகள் ஓடத் தொடங்கியதும், பெரிய பஸ் திரும்ப முடியாத உட்பகுதிகளுக்குப் போகத்தான். கடந்த 2025-இல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். தடம் குட்டையாக இருப்பதில் லாபம் உண்டு: போய்வர அரை மணி ஆகும் தடத்தில் ஒற்றை வண்டியே அரை மணிக்கொருமுறை வந்துவிடும். ஒன்றரை மணி ஆகும் தடத்தில் அதே இடைவெளிக்கு மூன்று வண்டியும் மூன்று டிரைவரும் வேண்டும்.