டியூ நோட்டீஸ்: சொல்லும் அதற்கான தமிழும்

அடுத்துக் கட்ட வேண்டிய பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை வங்கியோ நிதி நிறுவனமோ முன்கூட்டியே தெரிவிப்பதுதான் டியூ நோட்டீஸ். அது குறுஞ்செய்தியாக வரலாம், மின்னஞ்சலாக வரலாம், வாட்ஸ்அப்பிலோ தபாலிலோ வரலாம். பொருள் இவ்வளவுதான். ஆனால் கொங்கு நாட்டில் இந்த இரண்டு சொற்களும் ஊர்ப் பேச்சில் நன்றாக ஊறி, தனித்தனியே புதுப்பொருள் பெற்றுவிட்டன. அதனால் தமிழ்ச் சொல் தேடும்போது அகராதியை மட்டும் புரட்டினால் போதாது. சங்ககிரியில் லாரி வைத்திருப்பவரும் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுபவரும் அந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் டியூ. கடன்பட்டிருத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை 'தெபேரே'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'டியூ' ஆனது. கடனைச் சொல்லும் 'டெட்', பற்றைச் சொல்லும் 'டெபிட்' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் டியூ பெரும்பாலும் பெயரடை, 'கட்ட வேண்டியதாக இருக்கிற' என்று பொருள். கொங்கில் அது முழுமையான பெயர்ச்சொல். மாதத் தவணைக்கே டியூ என்று பெயர். "இந்த மாசம் டியூ கட்டியாச்சுங்களா?" என்று கேட்பார்கள். "ரெண்டு டியூ நின்னுபோச்சு" என்றால் இரண்டு தவணை தவறிவிட்டது. "டியூவுல எடுத்த வண்டி" என்றால் இன்னும் கடன் முடியாத வண்டி. லாரி, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, திருப்பூர் பனியன் கம்பெனியின் நிட்டிங் மெஷின், டிராக்டர் என்று இந்தப் பக்கம் ஒரு தொழிலைத் தொடங்கினால் டியூவும் கூடவே தொடங்கிவிடுகிறது. 1916-ல் கரூர் வைசியா வங்கியும் 1926-ல் லட்சுமி விலாஸ் வங்கியும் பிறந்த கரூர் இதே வட்டாரம்தான். கடனும் தவணையும் இங்கே அன்றாடப் பேச்சில் இருப்பதில் வியப்பில்லை.

அடுத்து நோட்டீஸ். 'அறிந்த' என்று பொருள்படும் 'நோதுஸ்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். அறியச் செய்வது நோட்டீஸ், அவ்வளவே. தமிழில் இது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மாரியம்மன் நோம்பிக்கும் கும்பாபிஷேகத்துக்கும் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிற தாளும் நோட்டீஸ்தான். நோம்பி நோட்டீஸ் வந்தால் வீட்டில் மகிழ்ச்சி. "பேங்க்ல இருந்து நோட்டீஸ் வந்திருச்சு" என்றால் வீடே கலங்கிவிடும். ஏனென்றால் நோட்டீஸ் என்றதும் அடுத்து நினைவுக்கு வருவது ஜப்தி.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. வரப்போகிற தவணையை ஞாபகப்படுத்தும் செய்தியும் நோட்டீஸ். தவறிய தவணையைக் கேட்கும் கடிதமும் நோட்டீஸ். சொத்தைக் கையகப்படுத்துவதற்கு முன் சட்டப்படி அனுப்பும் கடிதமும் நோட்டீஸ். மூன்றுக்கும் ஒரே பெயர் இருந்தால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று வயதான விவசாயி எப்படிப் பிரித்தறிவார்? "நோட்டீஸ் இல்லீங்க அப்புச்சி, சும்மா ஞாபகப்படுத்தற மெசேஜ்தான்" என்று பேரன் பேத்திகள் விளக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் வரும் செய்திகளாவது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கின்றனவா என்றால், நான் பார்த்தவற்றில் பல அதைக் கூட்டத்தான் செய்கின்றன. டியூ என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு 'நிலுவை' என்று போட்டுவிடுகிறார்கள். நிலுவை 'நில்' என்ற அடியில் பிறந்த சொல். கட்டப்படாமல் நின்றுபோனது நிலுவை, அதாவது பாக்கி. ஐந்தாம் தேதி கட்ட வேண்டிய தவணைக்கு ஒன்றாம் தேதியே 'உங்கள் நிலுவைத் தொகை' என்று எழுதினால், இதுவரை ஒரு தவணைகூடத் தவறாதவரையும் பாக்கிக்காரர் ஆக்கிவிடுகிறோம். மானத்துக்கு அஞ்சிக் கடன் கட்டுகிற மக்களிடம் இந்தச் சொல்லைக் கவனமில்லாமல் வீசுவது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆங்கிலம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் தவணைக்குச் சொற்கள் இருந்தன. வருடத்தை நான்கு நான்கு மாதமாகப் பிரித்த பகுதிக்கும் அந்தப் பகுதிக்குரிய வரித் தவணைக்கும் கந்தாயம் என்று பெயர். பஞ்சாங்கத்தில் 'கந்தாய பலன்' என்று இன்றும் போடுவது அந்த நான்கு மாதக் கணக்கை வைத்துத்தான். கன்னடத்தில் 'கந்தாய' என்றால் நிலவரி; அங்கே வருவாய்த் துறைக்கே கந்தாய இலாகா என்று பெயர். 1799-ல் திப்பு வீழும்வரை மைசூர் ஆட்சியில் இருந்த கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கு இந்தச் சொல் அந்நியமாக இருந்திருக்காது. நிலவரித் தவணையைக் குறிக்கும் கிஸ்தி, அரபுச் சொல்லான 'கிஸ்த்' என்பதன் தமிழ் வடிவம். வாய்தாவும் அரபிலிருந்து வந்ததுதான், வாக்குறுதி என்று பொருள். இப்போது அது கோர்ட்டில் தள்ளிப்போடும் நாளாகச் சுருங்கிவிட்டாலும், கடன் கொடுத்தவரிடம் 'வாய்தா சொல்வது' இன்னும் வழக்கில் இருக்கிறது. நோட்டீஸுக்குப் பழைய சொல் தாக்கீது. வலியுறுத்தல் என்ற பொருளுள்ள அரபுச் சொல் உருதுவழியே வந்தது. அதில் அதிகாரத்தின் குரல் கேட்கிறது. ஞாபகமூட்டுவதற்கு அது பொருந்தாது.

எல்லாவற்றையும் பார்த்தால் தவணை என்ற சொல்லே போதும். எல்லோருக்கும் தெரிந்தது, எளியது. 'தவணை நாள்', 'தவணைத் தொகை' என்று சொன்னால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டியூ டேட்டுக்குக் 'கெடு நாள்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கெடுவும் நல்ல சொல்தான், தெலுங்கில் 'கடுவு' என்று இதே பொருளில் வழங்குகிறது. ஆனால் கெடு விதிப்பது என்றால் மிரட்டலின் வாடை வந்துவிடுவதால், கெடு தாண்டிய பிறகு எழுதும் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, தவணை நாளுக்கு முன்பு வருவது தவணை முன்னறிவிப்பு. நாள் கடந்தபின் வருவது தவணை தவறிய அறிவிப்பு. சட்டப்படி பணத்தைக் கேட்பது கேட்பு அறிவிப்பு. 'கேட்பு' நான் புதிதாகச் செய்த சொல் அல்ல. நம் உள்ளாட்சி அலுவலகங்களில் வரிக் கணக்கைக் 'கேட்பு, வசூல், நிலுவை' என்றுதான் எழுதுகிறார்கள். எவ்வளவு கேட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்று அந்த மூன்று சொற்களும் எவ்வளவு துல்லியமாகப் பிரிந்து நிற்கின்றன பாருங்கள். வங்கிகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பிரிவினை வெறும் சொல்லாசைக்காக அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் விதியே வேறு. கார்டு, வாலட் வழியாகத் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2019-ல் விதி வகுத்தது; 2020-ல் அதை யுபிஐக்கும் நீட்டித்தது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு, யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்று தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்றால் வாடிக்கையாளர் நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். தமிழில் இதைப் பற்று முன்னறிவிப்பு எனலாம். மளிகைக் கடையில் 'பத்து எழுதுவது' என்கிறோமே, அந்தப் பற்றுதான் இது. லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று உண்டு. பாஸ்டேக்கில் இருப்பு குறைந்தால் தானே நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு இந்த 24 மணி நேர அறிவிப்பு தேவையில்லை என்று 2024-ல் மாற்றிவிட்டார்கள்.

வண்டி, வீட்டுக் கடன் தவணைகள் பெரும்பாலும் நாச் என்ற வேறொரு வழியில், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகத் தானே எடுக்கும் ஏற்பாட்டில், போகின்றன. 2021 ஆகஸ்ட் 1 முதல் அது ஞாயிறும் விடுமுறை நாளும் ஓடுகிறது. 'ஞாயித்துக்கிழமைதானே, திங்கள் பணம் போட்டுக்கலாம்' என்ற பழைய கணக்கு இனி எடுபடாது.

தவணை தவறியபின் வரும் அறிவிப்பில் அபராதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும் என்பது 2023-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. அப்புறம், பொதுவாக 90 நாளுக்கு மேல் கட்டாமல் இருந்தால் அது வாராக் கடன்; பயிர்க் கடனுக்குப் பருவக் கணக்கு. அதற்குப் பிறகு, அடமானச் சொத்தை வங்கி கையகப்படுத்த வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வருவதுதான் கேட்பு அறிவிப்பு. அதில் 60 நாள் அவகாசம் உண்டு. எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பது தவறு. வீட்டுக் கதவில் ஒட்டி, நாளிதழ்களில் வெளியிட்டாலே சேர்ப்பித்ததாக ஆகிவிடும். ஸ்பீட் போஸ்ட் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்துவிடுவதே நல்லது. நாளை எண்ணி வழி தேட அதுதான் உதவும்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் வந்தால் என்ன பயன்? வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கடன் வாங்கியவருக்கு அனுப்பும் செய்தி எல்லாம் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி சொல்கிறது. தமிழில் கேட்பது சலுகை கேட்பதல்ல. குறுஞ்செய்தியில் ஒரு சிரமம் இருப்பது உண்மை. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 குறி, தமிழில் 70 குறிதான்; 'கொ' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியை எடுத்துக்கொள்ளும். அதனால் செலவு கூடும். ஆனால் சுருக்கமாக எழுதினால் இரண்டு மூன்று துண்டில் முடித்துவிடலாம்:

"தவணை முன்னறிவிப்பு: லாரிக் கடன், மார்ச் மாதத் தவணை ரூ. 32,400. 5ஆம் தேதி உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும். பாக்கி எதுவும் இல்லை."