கடல்நீர்க் குழாய்ப் பள்ளத்தில் விபத்து: இழப்பீடு எங்கே நழுவுகிறது?

அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்றவற்றில் கடல்நீர்க் குழாய்கள் பல ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடக்கின்றன. உப்பு அரித்துக் கசியத் தொடங்கியதும் பள்ளம் தோண்டி மாற்றுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் இறங்குபவர் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் ஆள், அல்லது அவருக்கும் கீழே உள்ள சப்-கான்ட்ராக்டரின் ஆள். மண் சரிந்த மறுநிமிடமே "இவர் யாருடைய ஆள்?" என்ற இழுபறி ஆரம்பித்துவிடும்.

வேலையில் நேர்ந்த விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லேயே சட்டமானது. 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. வரலாறு இவ்வளவு போதும்.

முதல் சிக்கல் மருத்துவமனை வாசலிலேயே காத்திருக்கும். அழைத்து வந்த மேஸ்திரி "கீழே விழுந்துட்டார்" என்று சொல்வார்; விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிவிடும். பிறகு வழக்கு முழுக்க அந்த ஒரு வரி உங்களைத் துரத்தும். எந்த ஆலையின் வேலை, எந்தப் பள்ளம், எத்தனை மணி என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் காப்பியும் (ஏ.ஆர். காப்பி என்பார்கள்) எஃப்.ஐ.ஆர். நகலும் கையில் இருக்கட்டும்.

கடல்நீர்க் குழாய் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிக் கரைவரை ஓடுவது. அதனால் "விபத்து எங்கள் வளாகத்தில் நடக்கவில்லை" என்று ஆலை நிர்வாகம் கைவிரிக்கும். அப்படியே நம்பித் திரும்பாதீர்கள். ஆலையின் கட்டுப்பாட்டில் உள்ள இடமா என்பதுதான் கேள்வி. தோண்டுவதற்கு ஆலை இன்ஜினியர் கையெழுத்திட்ட பெர்மிட், கேட் பாஸ், பள்ளத்தின் போட்டோ, எதுவானாலும் அன்றைக்கே செல்போனில் எடுத்து வையுங்கள். இரண்டு நாளில் பள்ளத்தை மூடிவிடுவார்கள். இழப்பீட்டு மனுவில் கான்ட்ராக்டரோடு ஆலையையும் சேருங்கள். கான்ட்ராக்டர் காணாமல் போவார், ஆலை எங்கே போகும்?

இறப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். "மூணு லட்சம் தர்றோம், இதுல கையெழுத்துப் போடுங்கம்மா" என்று ஸ்டாம்ப் பேப்பரோடு வருவார்கள். போடாதீர்கள். இறப்புக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தது கணக்கில் சேராது, மூன்று மாதக் கூலி வரையிலான முன்பணம் தவிர. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்பச் சட்டத்தில் தந்துள்ள எண்ணால் பெருக்குவார்கள். 30 வயதுக்கு அது 207.98. கூலி 15,000 ரூபாய் என்றால் 15,59,850. அந்த மூன்று லட்சம் எங்கே, இது எங்கே! கான்ட்ராக்டர் கூலியைக் குறைத்து எழுதியிருப்பார் என்பதால் வங்கிக் கணக்கு விவரத்தையும் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியையும் கொடுங்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் என்றால் பணம் அங்கிருந்துதான் வரும், ஆணையரிடம் கேட்க முடியாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் தவறான அலுவலகத்துக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கூலிச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"விபத்து நடந்த மாவட்டத்துக்குப் போங்க" என்று விரட்டினால் நகராதீர்கள். குடும்பம் வசிக்கும் ஊருக்கு உரிய அலுவலகத்திலும் மனு கொடுக்கலாம். மனு கொடுத்ததும் தேதியோடு முத்திரை குத்திய நகலை வாங்குங்கள், ஏனென்றால் கெடு இரண்டு ஆண்டுகள். தர வேண்டிய தொகையை ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வட்டியும் உண்டு. அதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.