அச்செடுத்த தாடை உடம்புக்குள் போவதில்லை

மூதூரில் இருந்து வந்த மீனவர் ஒருவர் என் மேசையில் இருந்த வெள்ளைத் தாடையைக் கையில் எடுத்தார். ஸ்கேனைப் பார்த்து முப்பரிமாண (3D) அச்சுப்பொறியில் எடுத்த, அவருடைய தாடையின் அச்சுதான். வீங்கிய இடத்தைப் பெருவிரலால் தடவிவிட்டு, "இந்தப் பிளாஸ்டிக்கையா டொக்டர் எனக்கு உள்ளுக்கு வைக்கப்போறீங்க?" என்றார்.

திருகோணமலையில் அடிக்கடி கேட்கும் கேள்வி. இல்லை, அது எங்கள் ஒத்திகைக்கு. கட்டி வந்த தாடைப் பகுதியை வெட்டி எடுத்தபின் உள்ளே போவது அவருடைய சொந்தக் கால் எலும்பு.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு உடல் பாரத்தில் கொஞ்சத்தைத்தான் தாங்குகிறது. இரு முனைகளையும் விட்டுவிட்டு, நடுத்துண்டை இரத்தக் குழாயோடு எடுக்கலாம். அதைக் கொண்டு கீழ்த்தாடை அமைத்ததை அமெரிக்க நிபுணர் டேவிட் ஹிடால்கோ 1989இல் வெளியிட்டார். சிக்கல் என்னவென்றால், அது நேரான எலும்பு. தாடையோ லாடம் மாதிரி. தச்சர் சட்டத்துக்கு மூலை பொருத்துவதுபோலச் சரிவாக வெட்டி இணைக்க வேண்டும். சரிவு பிசகினால் பல் கடி மாறிவிடும்.

முன்பெல்லாம் நோயாளி மயக்கத்தில் இருக்க, எலும்பைப் பிடித்து நிறுத்தும் டைட்டேனியம் தகட்டை வளைத்து வைத்துப் பார்த்து, மறுபடி வளைப்போம். இப்போது சி.ரி. ஸ்கேனில் இருந்து கணினியில் தாடையை உருவாக்கி, நல்ல பக்கத்தை இடவலமாகத் திருப்பி நோய்ப் பக்கத்தில் பொருத்துகிறோம். அதை அச்செடுத்துத் தகட்டை முன்கூட்டியே வளைத்து வைக்கலாம். வாள் போகவேண்டிய சரிவைக் காட்டும் வழிகாட்டியையும் அச்சிடலாம். ஆனால் மலிவான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும், கிருமிநீக்கும் நீராவியோ 121 பாகை. ஆகவே உடம்பில் படும் வழிகாட்டிக்கு வேறு பொருள் வேண்டும்.

பலர் ஸ்கேன் படத்தாளை மட்டும் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அதில் அச்செடுக்க முடியாது, ஸ்கேன் பதிந்த சி.டி. தட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை தாடையை 5 மில்லிமீற்றர் தடிப்பான துண்டுகளாகப் படம் பதிந்த சி.டி. வந்தது. அச்செடுத்த தாடை கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது! 1 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ வேண்டும்.

ஸ்கேன் பழையதாகவும் இருக்கக்கூடாது. மெதுவாக வளரும் கட்டி என்றால் பரவாயில்லை. வெற்றிலை, புகையிலையால் வந்த புற்றுநோய் அச்சு வரும்வரை காத்திருக்காது. வளர்ந்துவிட்டால் வழிகாட்டி காட்டும் இடத்தில் வெட்ட முடியாது. அப்படியான வேளையில் அச்சை விட்டுவிட்டுப் பழைய முறையிலேயே இறங்கிவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், காரணமில்லாமல் ஆடும் பல், கீழுதட்டு மரப்பு, நோகாத தாடை வீக்கம், இதில் எது இருந்தாலும் வந்து காட்டுங்கள்.

அந்த மீனவர் கடைசியாகக் கேட்டது தாடையைப் பற்றியே இல்லை. "பிறகு தோணி தள்ள ஏலுமா?" சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏலும், சிலருக்குக் கணுக்காலில் கொஞ்சம் இறுக்கம் இருக்கும் என்றேன்.