எந்த விண்டோவிலிருந்து எந்த விண்டோவுக்கு?

மொரிஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அதற்கு முந்தைய வாரங்களில் ரோஸ்ஹில்லில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே கிடையாது. கோயில் அழைப்பிதழைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அடிப்பது என் வேலை. திரையில் ஐந்து விண்டோக்கள்: தமிழ் ஃபைல், பிரெஞ்சு ஃபைல், அகராதி, பஞ்சாங்கம், வாட்ஸ்அப். “எப்போது பார்த்தாலும் வாட்ஸ்அப்தான்” என்று அம்மா கிரியோலில் திட்டுவார். சரி, பார்த்துவிடலாம் என்று, எப்போது எந்த விண்டோவில் இருக்கிறேன் என்பதைக் குறித்துவைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்.

நாம் தட்டும் எழுத்து எந்த விண்டோவுக்குப் போக வேண்டும் என்பது இயங்குதளத்துக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் கேட்டு வாங்குகிறோம். ஐந்து நொடிக்கு ஒருமுறை கேட்டால், இடையில் இரண்டு நொடி எட்டிப் பார்த்தது தப்பிவிடலாம். அதனால் விண்டோ மாறும்போதெல்லாம் தகவல் சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நேரம், விண்டோவின் பெயர் (தமிழ் ஃபைல், அகராதி என்பதுபோல), அவ்வளவே பதிவு. (விண்டோவின் மேலே தெரியும் தலைப்பையும் சேர்த்தால் யாருக்கு என்ன கடிதம் என்பதுவரை வெளியே வந்துவிடும். ஊழியர்களைக் கண்காணிக்கிறவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை.)

முதலில் மொத்த நேரத்தைப் பட்டைகளாக வரைந்தேன். உப்புச்சப்பில்லாத படம். அப்புறம் காலக்கோடு: விண்டோவுக்கு ஒரு வரி, அது முன்னால் இருந்த நேரத்துக்கு நிறம். சில இடங்களில் பாய் பின்னியது போலத் தமிழும் பிரெஞ்சும் மாறி மாறி வந்தன.

எதிலிருந்து எதற்குத் தாவினோம் என்று எண்ணி, அம்புகளாக வரைந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து விண்டோக்களுக்கு 20 அம்புகள்; தாவல் கூடக் கூட அம்பு தடிக்கும். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம் என்று மெய்ம்மயக்கம் படித்தவர்களுக்கு இது அந்நியமில்லை. எத்தனை தடவை வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். 1913இல் ரஷ்யக் கணித அறிஞர் மார்க்கோவ் ஒரு கவிதை நாவலின் 20,000 எழுத்துகளில், உயிருக்கும் மெய்க்கும் அடுத்து எது வருகிறது என்று எண்ணியதும் இதே வகைக் கணக்குதான்.

தடித்த அம்புகளால் இணைந்தவை ஒரே வேலைக்கான கூட்டம். 1986இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ (PARC) ஆய்வுக்கூட ஆய்வாளர்கள் ஹெண்டர்சனும் கார்டும் இப்படிப்பட்ட கூட்டம் ஒவ்வொன்றுக்கும் திரையில் தனி ‘அறை’ ஒதுக்கினார்கள். சிறிய திரையில் எல்லாவற்றையும் அடைத்தால், விண்டோக்களை இழுத்துப் போடுவதிலேயே நேரம் போய்விடும் என்பது அவர்கள் கண்டது.

நானும் இரண்டு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்பு மெலிந்தது. ஆனால் கண் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டுதான் இருந்தது. புரோகிராமுக்குக் கண் தெரியாது.

வாட்ஸ்அப்புக்குப் போன அம்புகளில் தடித்தது அகராதியிலிருந்து. சொல் கிடைக்காதபோதெல்லாம் பெரியம்மாவைக் கேட்டிருக்கிறேன். படத்தை அம்மாவிடம் காட்டினேன். “அப்போ வாட்ஸ்அப்பில்தானே இருந்திருக்கிறாய்?” என்றார்.